லிங்க்ட்இன் பக்கத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி? சென்னையில் வேலை தேடுகிறவர்களுக்கு

ஐந்து மாதத்தில் நூற்று நாற்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பம் போட்டிருப்பேன். வந்த அழைப்புகள் நான்கு. அதில் ஒன்று இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கும் வேலை. இன்னொன்றில் மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்து, ஆஃபர் லெட்டரும் கைக்கு வந்து, வீட்டில் கேசரி கிளறிய பிறகு நின்றுபோனது. காரணம், வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் நானே எழுதி வைத்திருந்த ஒரு வரி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் ஆறு வருஷம் இருந்தவள் நான். ஓர் உற்பத்தி லைனை மூடினார்கள், எங்கள் டீமில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். ஐ.டி., பேங்கிங், அக்கவுன்ட்ஸ் என்று எந்தத் துறையில் இருந்தாலும் பெரும்பாலானவை உங்களுக்கும் பொருந்தும்.

ஆகும் நேரம்: இரண்டு சனி ஞாயிறு. ஆகும் செலவு: எனக்கு 340 ரூபாய். போட்டோவுக்கு 100, மீதி ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்தது. அதற்கு முன்னால் வீணாகப் போன 3,500 ரூபாய்க் கதை பத்தாவது படியில் வருகிறது. பக்கத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இங்கே நான் தருகிற மாதிரிகளை அர்த்தத்துக்காகப் பாருங்கள்.

1. முதலில் கோப்பை எடுங்கள், லேப்டாப்பை அப்புறம் திறக்கலாம்

எல்லோரும் போட்டோவில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் பக்கத்தில் நீங்கள் போடுகிற ஒவ்வொரு தேதியையும் பின்னால் ஒருவர் காகிதத்தோடு ஒத்துப் பார்க்கப் போகிறார். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்கிற அந்த வேலையைப் பல கம்பெனிகள் வெளி ஏஜென்சியிடம் விட்டுவிடுகின்றன. ரெஸ்யூமே, நீங்கள் நிரப்பிய படிவம், பி.எஃப். பதிவு எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். லிங்க்ட்இன்னையும் பார்ப்பவர்கள் உண்டு.

மேசைமேல் இருக்க வேண்டியவை:

- டிகிரி அல்லது புரொவிஷனல் சான்றிதழ், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்
- வேலை பார்த்த ஒவ்வோர் இடத்தின் அப்பாயின்ட்மென்ட் லெட்டர், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்
- கடைசி மூன்று மாத பே ஸ்லிப்
- பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணும் அதன் பாஸ்வேர்டும்
- ஆதார், பான் (பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க மட்டும்)

பி.எஃப். உறுப்பினர் தளத்தில் நுழைந்து 'வியூ' மெனுவில் 'சர்வீஸ் ஹிஸ்டரி'யைத் திறங்கள். எந்த நிறுவனத்தின் பெயரில், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்று அங்கே இருக்கும். உங்கள் நினைவில் இருப்பதும் அங்கே இருப்பதும் வேறாக இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே போட்டுக்கொள்ள முடியும்.

இனி, என் கேசரி வீணான கதை. முதல் இரண்டு வருஷம் நான் கான்ட்ராக்டர் பே ரோலில் இருந்தேன். உட்காரும் இடம், ஐ.டி. கார்டு, கேன்டீன், பஸ் எல்லாம் பெரிய கம்பெனியுடையது. சம்பளமும் பி.எஃப்.பும் மட்டும் ஆள் சப்ளை செய்கிற ஒரு சின்ன நிறுவனத்துடையது. ஊரில் கேட்டால் பெரிய கம்பெனி பெயரைத்தான் சொல்வோம், இல்லையா? லிங்க்ட்இன்னிலும் அப்படியே ஆறு வருஷத்தையும் ஒரே பெயரில் போட்டுவிட்டேன், ரெஸ்யூமேயிலும் அதேதான். வெரிஃபிகேஷனில் பி.எஃப். பதிவில் வேறு பெயர் வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, 'ஆஃபரைத் திரும்பப் பெறுகிறோம்' என்று இரண்டு வரி மெயில்.

சென்னையில் கான்ட்ராக்ட் ரோலில் இருப்பவர்கள் ஏராளம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலும் உண்டு, ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளிலும் உண்டு. அதை எழுதும் முறை இதுதான்: கம்பெனி பெயர் என்ற கட்டத்தில் உங்களுக்குச் சம்பளம் போட்ட நிறுவனம். வேலை வகையில் 'கான்ட்ராக்ட்'. விவரத்தின் முதல் வரியில், 'இன்ன கம்பெனியின் இன்ன தொழிற்சாலையில் பணியமர்த்தப்பட்டேன்'. பிறகு நேரடி ரோலுக்கு மாறியிருந்தால் அதைத் தனிப் பதிவாகப் போடுங்கள். பெரிய பெயர் அந்த முதல் வரியில் இருந்தாலே தேடுகிறவர்கள் கண்ணில் படும்.

படிப்பு முடிந்த வருஷமும் அப்படித்தான். அரியர் வைத்துப் பின்னால் எழுதித் தேறியிருந்தால், சான்றிதழில் எந்த வருஷமோ அதையே போடுங்கள். கூடப் படித்தவர்களின் வருஷத்தைப் போட வேண்டாம்.

2. திருத்த ஆரம்பிக்கும் முன் ஒரு பொத்தானை அணையுங்கள்

செட்டிங்ஸில் 'விசிபிலிட்டி' பகுதிக்குப் போனால், வேலை மாற்றம், படிப்பு மாற்றம் போன்றவற்றை உங்கள் வட்டத்துக்கு அறிவிக்கலாமா என்று ஒரு தேர்வு இருக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். நான் செய்யவில்லை. பழைய வேலையின் தேதியைத் திருத்தியதற்கு 'கங்கிராட்ஸ்' என்று பதினோரு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். வேலை போன மூன்றாவது வாரத்தில் வருகிற வாழ்த்து எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதே சமயம் கணக்கோடு எந்த மெயில் இணைந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஆபீஸ் மெயில் அல்லது கல்லூரி மெயில் மட்டும் இருந்தால் சொந்த மெயிலைச் சேர்த்து அதை முதன்மையாக்குங்கள். ஆபீஸை விட்டு வந்த மறுநாள் அந்த மெயில் முடங்கிவிடும். பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கே போச்சு.

3. எந்தப் பெயரில் உங்களைத் தேடுவார்கள் என்று கண்டுபிடியுங்கள்

என் பெரியம்மா பெண் பெருங்குடியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் என் பக்கத்தைக் காட்டினேன். அவள் என் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"எனக்கு உன்னைத் தெரியாதுன்னு வெச்சுக்கோ. நான் எப்படித் தேடுவேன் பாரு" என்று தட்டினாள். பர்ச்சேஸ் எக்ஸிகியூட்டிவ். சென்னை. நான்கு முதல் எட்டு வருஷம். எஸ்.ஏ.பி. (கம்பெனிகளில் கணக்கு, சரக்கு பார்க்கிற சாஃப்ட்வேர்). சில நூறு பேர் வந்தார்கள். பத்து பக்கம் தள்ளிப் பார்த்தாள். நான் இல்லை.

"நான்தான் அதே வேலைய ஆறு வருஷமா செஞ்சேனேக்கா?"

"செஞ்சே சரி, அத எங்கடி எழுதியிருக்கே?"

எழுதவில்லைதான். என் பதவிப் பெயர் 'சீனியர் அசோசியேட் – எஸ்.சி.எம்.' என்று இருந்தது. அது எங்கள் கம்பெனி வைத்த உள்பெயர். வெளியில் யாரும் அப்படித் தேட மாட்டார்கள். பக்கத்தில் 'பர்ச்சேஸ்' என்ற சொல்லே ஓரிடத்திலும் இல்லை. ஊர் என்ற இடத்தில் திருவண்ணாமலை. கல்லூரி நாளில் போட்டது.

அன்று சாயங்காலம் நான் செய்ததை நீங்களும் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய வேலைக்கான விளம்பரங்களில் சென்னையில் உள்ளவை இருபதைத் திறந்து, ஒரு நோட்டில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களைக் கோடு போட்டு எண்ணுங்கள். எனக்கு வந்தவை: புரொக்யூர்மென்ட், வெண்டார் (சரக்கு தருகிறவர்) டெவலப்மென்ட், எஸ்.ஏ.பி. எம்.எம். (அந்த சாஃப்ட்வேரின் சரக்குப் பிரிவு), காஸ்ட் ரிடக்‌ஷன், ஆர்.எஃப்.க்யூ. (விலை கேட்டு அனுப்புவது), இன்வென்டரி. நான் தினமும் செய்த வேலைதான் எல்லாம். 'சாமான் வாங்கறது' என்று நாங்கள் சொன்னதற்கு விளம்பரத்தில் ஆறு பெயர்கள் இருந்தன. உங்கள் பட்டியலில் உண்மையாகவே உங்களுக்குத் தெரிந்தவற்றை மட்டும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அடுத்த படிகளுக்கெல்லாம் அதுதான் மளிகைச் சீட்டு.

4. பெயர், இனிஷியல், ஊர்

நம் ஊர்க்காரர்களுக்கே உள்ள தலைவலி இது. லிங்க்ட்இன் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கிறது. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். டிகிரிச் சான்றிதழில் உள்ளபடி பெயரைப் போட்டு, இனிஷியலைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போடுவது பெரும்பாலோருக்கு ஒத்துவரும். எப்படிப் போட்டாலும் ரெஸ்யூமே, நௌக்ரி வேலைத் தளம், லிங்க்ட்இன் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பெயருக்குப் பக்கத்தில் அடையாளச் சரிபார்ப்புக் குறி வேண்டும் என்றால் அரசு அடையாள ஆவணத்தோடு பெயர் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் குறிக்குக் கட்டணம் கிடையாது.

ஊர் என்ற இடத்தில், ஆவடியில் இருந்தாலும் கூடுவாஞ்சேரியில் இருந்தாலும், சென்னை என்று வருகிற தேர்வை எடுங்கள். ஊர் வைத்து வடிகட்டும்போது 'திருவள்ளூர்', 'செங்கல்பட்டு' என்று போட்டவர்கள் வெளியே நின்றுவிடலாம். ஊரிலிருந்து கொண்டே சென்னையில் தேடுகிறீர்களா? அடுத்த வாரமே வந்து தங்க முடியும் என்றால் சென்னை என்று போடுங்கள், முடியாது என்றால் வேண்டாம். "நாளைக்கு நேர்ல வர்றீங்களா?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

பக்கத்தின் முகவரியில் பெயருக்குப் பின்னால் எண்ணும் எழுத்துமாக ஒரு வால் தொங்கும். பொதுப் பக்க அமைப்பில் போய் அதை வெட்டிப் பெயரை மட்டும் வைக்கலாம், இரண்டு நிமிட வேலை. ரெஸ்யூமேயில் போட அழகாக இருக்கும்.

பயோடேட்டா பழக்கத்தில் பிறந்த தேதி, அப்பா பெயர், திருமணமானவரா, வீட்டு முகவரி எல்லாம் எழுதாதீர்கள். எவரும் கேட்கப் போவதில்லை, மோசடிக்காரர்களைத் தவிர.

5. தலைப்பு வரி

பெயருக்குக் கீழே வருகிற ஹெட்லைன். 220 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் ஃபோனில் பார்ப்பவருக்கு முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் வேலைப் பெயர் முதலில் வர வேண்டும்.

என் பழைய வரி: 'வேலை தேடுகிறேன் | கடின உழைப்பாளி | புதியன கற்கும் ஆர்வம்'.

புதிய வரி: 'பர்ச்சேஸ் எக்ஸிகியூட்டிவ் | ஆட்டோ உதிரிபாகக் கொள்முதல், வெண்டார் டெவலப்மென்ட் | எஸ்.ஏ.பி. எம்.எம். | 6 ஆண்டு | சென்னை'.

கடின உழைப்பாளி என்று எவரும் தேடுவதில்லை. உடனே சேர முடியும் என்றால் கடைசியில் 'இமீடியட் ஜாயினர்' என்று சேர்க்கலாம். சென்னை ஐ.டி. கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள் என்பது சாதாரணம், ஆகவே உடனே சேருகிறவருக்கு ஒரு மவுசு உண்டு.

6. போட்டோ

கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படம் வேண்டாம். பக்கத்தில் நின்ற மாமாவின் தோள்பட்டை தெரியும். ஸ்டுடியோவில் எடுத்தால் மூஞ்சியை வெள்ளையாக்காமல் தரச் சொல்லுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் காலை எட்டு மணிக்கு ஜன்னல் எதிரே நின்று, ஆபீஸுக்குப் போகிற உடுப்பில், வீட்டில் யாரையாவது எடுக்கச் சொன்னால் போதும். பின்னால் இருக்கிற நீள பேனரைக் காலியாக விட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

7. 'அபவுட்' பகுதி

2,600 எழுத்து இடம் தருகிறார்கள் என்பதற்காக நிரப்ப வேண்டாம். முதல் மூன்று வரிக்கு மேல் 'மேலும்' என்று மடங்கிவிடும், அந்த மூன்று வரியில் வேலை முடிய வேண்டும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

'வாகன உதிரிபாகத் துறையில் ஆறு ஆண்டு கொள்முதல் அனுபவம். மெஷினிங், ஃபோர்ஜிங் பாகங்களுக்குச் சென்னை, ஓசூர், கோவை வெண்டார்களைக் கையாண்டிருக்கிறேன். மாதம் சுமார் 180 பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) எஸ்.ஏ.பி. எம்.எம்.மில் போட்டுப் பின்தொடர்ந்தேன்.'

அதன் கீழே, என்ன மாதிரி வேலை தேடுகிறேன், எந்தப் பகுதிக்கு வர முடியும், எப்போது சேர முடியும் என்று மூன்று வரி. அவ்வளவுதான். ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்குவதில் தப்பில்லை, நானும் இலக்கணம் பார்க்கக் கொடுத்தேன். ஆனால் அது திருப்பித் தந்ததில் வாயில் நுழையாத நாலு சொல் இருந்தது. இன்டர்வியூவில் அதையே எடுத்துக் கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் அழித்தேன். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். அது குறையாகத் தெரியாது, படிக்கிறவருக்கு நிம்மதி.

8. 'எக்ஸ்பீரியன்ஸ்': இங்கேதான் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்

நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். பதவிப் பெயரில் கம்பெனி தந்ததை மாற்றாமல் அடைப்புக்குள் வேலையைச் சேருங்கள்: 'சீனியர் அசோசியேட் (பர்ச்சேஸ்)'. லெட்டரோடும் ஒத்துப்போகும், தேடலிலும் வரும்.

கம்பெனி பெயரைத் தட்டும்போது கீழே விழுகிற பட்டியலிலிருந்து லோகோ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பக்கம் இருந்தால் அதிக ஊழியர்கள் உள்ளதுதான் பெரும்பாலும் சரியானது. கல்லூரிக்கும் அப்படியே.

கீழே விவரம். 'கொள்முதல் பொறுப்பு' என்று எழுதினால் எதுவும் தெரியாது. 'எத்தனை? எவ்வளவு நாளில்? எதைக் குறைத்தீர்கள்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம், 2021-இல் ஒரு வெண்டார் திடீரென்று கையை விரித்ததும், நான் கோவையில் புது ஆள் பிடித்து, சாம்பிள் வாங்கி, குவாலிட்டியில் ஓகே வாங்கி, பதினெட்டு நாளில் லைனுக்குச் சரக்கு இறக்கியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு என் மேனேஜர் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. ஆனால் பக்கத்தில் அந்த ஒரு வரியைத்தான் இன்டர்வியூ எடுத்த மூன்று பேரும் கேட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கை. எண்ணை ஊதாதீர்கள், "அது எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். வெண்டார் பெயர், விலை, டிராயிங், கம்பெனி சாஃப்ட்வேரின் ஸ்கிரீன்ஷாட் எதையும் போடாதீர்கள். வேலையை விட்ட பிறகும் ரகசிய ஒப்பந்தம் உங்களைத் துரத்தும்.

இடைவெளி இருந்தால் 'கரியர் பிரேக்' என்றே ஒரு பதிவு வகை இருக்கிறது. பிரசவம், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, குரூப் தேர்வுக்குப் படித்தது, எதுவானாலும் ஒரு வரி. தேதியை இழுத்து மூடி மறைப்பதைவிட அது எவ்வளவோ மேல். அந்த இழுப்பு பி.எஃப். பதிவில் தெரிந்துவிடும்.

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு: இன்டர்ன்ஷிப், இறுதியாண்டு ப்ராஜெக்ட், நான் முதல்வன் திட்டத்தில் முடித்த பயிற்சி ஆகியவற்றைத் தேதியோடு போடுங்கள். தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக அப்ரென்டிஸ் செய்திருந்தால் அதை 'அப்ரென்டிஸ்ஷிப்' என்ற வகையில் போடுங்கள், முழுநேர வேலையாகக் காட்டாதீர்கள். சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் என்றால், குறைந்தது உட்கார்ந்து படித்து உங்களால் விளக்க முடிகிற அளவுக்கு வந்த பிறகு போடுங்கள்.

'ஸ்கில்ஸ்' பகுதியில் நூறு வரை சேர்க்கலாம். மூன்றாம் படியில் வட்டமிட்ட சொற்கள் முதலில், மொத்தம் பதினைந்து இருபது போதும். எம்.எஸ். வேர்ட் என்று போட வேண்டாம்.

9. 'ஓப்பன் டு ஒர்க்', அப்புறம் ஆட்களிடம் பேசுவது

ஓப்பன் டு ஒர்க்கில் இரண்டு வழி. ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிவது ஒன்று. போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையத்தோடு ஊருக்கே தெரிவது இன்னொன்று. இப்போது வேலையில் இருக்கிறவர்கள் முதலாவதை எடுங்கள். உங்கள் கம்பெனி ஆள் எடுப்பவர்களுக்குக் காட்டாமல் இருக்க முயல்வதாக லிங்க்ட்இன் சொல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. வேலை போனவர்கள் பச்சை வளையத்துக்கு வெட்கப்பட வேண்டாம். எனக்குப் பழைய டீம் லீடர் கூப்பிட்டதே அந்தப் பச்சையைப் பார்த்துத்தான்.

தெரிந்தவர்களில் ஆரம்பியுங்கள்: கூட வேலை பார்த்தவர்கள், வெண்டார் பக்கத்து ஆட்கள், கல்லூரி சீனியர்கள். உங்கள் கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் 'அலும்னி' என்ற பகுதிக்குப் போனால், யார் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளோடு மட்டும்தான் குறிப்பு எழுதி அனுப்ப முடியும். அந்தச் சிலதை முன்பின் தெரியாதவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"வணக்கம் சார், வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்பதற்குப் பதில் வராது. நான் அனுப்பி, பதில் வந்தது இது: 'வணக்கம் மேடம். நானும் உங்கள் கல்லூரிதான், 2016-இல் முடித்தேன். உங்கள் நிறுவனத்தில் பர்ச்சேஸ் வேலைக்கு விளம்பரம் பார்த்தேன், எண் இது. ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. ரெஃபர் செய்ய முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, நன்றி.' வேலை எண்ணைக் கொடுத்தால் அவருக்குத் தேடுகிற வேலை மிச்சம். ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

10. காசு கேட்டால் நில்லுங்கள்

இதோ 3,500 ரூபாய்க் கதை. 'உங்கள் பக்கத்தை எழுதித் தருகிறோம், பதினைந்து நாளில் அழைப்பு' என்று ஃபோன் வந்தது. கொடுத்தேன். வந்தது எந்தத் துறைக்கும் ஒட்டக்கூடிய நான்கு பத்தி. அதில் என்னை மார்க்கெட்டிங்கில் தேர்ந்தவள் என்று வேறு எழுதியிருந்தார்கள். திருப்பிக் கேட்டதற்கு எண் பிஸி, இன்றுவரை பிஸி.

பிரீமியம் கணக்கு ஒரு மாதம் இலவசம் என்று வரும்போது கார்டு எண் கேட்பார்கள். எடுத்தால் அன்றே ஃபோனில் அலாரம் வையுங்கள், மாதம் முடிய ஒரு நாளாவது இருக்கும்போது நிறுத்துங்கள். என் அனுபவத்தில் அது இல்லாமலே எல்லாம் நடந்தது.

அடுத்தது மோசடி. பச்சை வளையம் போட்ட அன்றே இரண்டு 'எச்.ஆர்.' வந்தார்கள். ஒருவர் உடனே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். இன்னொருவர் லேப்டாப்புக்குத் திருப்பித் தருகிற டெபாசிட் கேட்டார். ரெஜிஸ்ட்ரேஷன், பயிற்சி, யூனிஃபார்ம், எந்தப் பெயரில் காசு கேட்டாலும் பேச்சை முடியுங்கள். டெலிகிராமில் 'ரிவ்யூ போட்டால் காசு' என்பதும் இதே கூட்டம்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போடுங்கள், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பணம் நிற்க வாய்ப்பு. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று போனவர்கள் மியான்மரில் சைபர் மோசடி முகாம்களில் சிக்கிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

11. எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

பக்கத்தைத் திருத்திய பிறகு முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம், 'தேடலில் வந்தீர்கள்' என்ற எண்ணிக்கை ஒற்றை இலக்கத்திலிருந்து நாற்பதுக்குப் போனது. மூன்றாவது வாரம் முதல் அழைப்பு. ஏழாவது வாரம் ஆஃபர், அந்தக் கோவை வெண்டார் வரியைப் பற்றிய கேள்விக்குப் பிறகு. இதற்கிடையே நௌக்ரியையும் தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையத்தையும் விட்டுவிடவில்லை. ஒன்றை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் உங்கள் பக்கத்தை பி.டி.எஃப்.பாக இறக்கி, அனுப்பிய ரெஸ்யூமேயோடு வரி வரியாக ஒத்துப் பாருங்கள். நான் கிண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மாதம் முன்பின் இருந்ததைக் கண்டுபிடித்து அங்கேயே ஃபோனில் திருத்தினேன்.

12. வேலை கிடைத்த பிறகு

ஆஃபர் வந்த அன்றே அறிவிக்காதீர்கள். சேர்ந்து, ஐ.டி. கார்டு கைக்கு வரட்டும். பச்சை வளையத்தை எடுங்கள், இரண்டாம் படியில் அணைத்த பொத்தானை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். ரெஃபர் செய்தவருக்கு ஒரு நன்றி எழுதுங்கள். நான் புது வேலையைப் பக்கத்தில் சேர்த்தது, சேர்ந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான். பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் புதுக் கம்பெனியின் பெயர் வந்ததும், அங்கே என்ன தேதி, பெயருக்கு என்ன எழுத்து என்று பார்த்து, அதையே அப்படியே தட்டினேன்.